சமூகவியல் படித்தால் எந்த வேலை? வடசென்னை வாசகர்கள் கேட்கிறார்கள்

சமூகவியல் படிப்பைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வடசென்னையிலிருந்து வந்தவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பாடம் நடத்துகிறவர்களும் களஆய்வுக்கு ஆள் எடுக்கிறவர்களும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா. பி.ஏ. சமூகவியல்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. “பி.காம். போட்டா ஆடிட்டர் ஆபீஸ்லயாவது உட்காரலாம், இதப் படிச்சு என்ன பண்ணப்போறா?”ன்னு சொந்தக்காரங்க கேக்குறாங்க. என்ன சொல்றதுன்னு தெரியல.
– ஒரு தாய், பழைய வண்ணாரப்பேட்டை

சொந்தக்காரர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது அம்மா. ‘சமூகவியலர் தேவை’ என்று எந்த விளம்பரமும் வராது. இந்தப் படிப்பைக் கேட்கும் வேலைகள் வேறு வேறு பெயரில் ஒளிந்திருக்கின்றன. அந்தப் பெயர்களைத் தெரிந்துகொள்ளாமல் மூன்று வருடத்தைக் கழித்துவிட்டு, நாலாவது வருடம் தேடத் தொடங்குவதுதான் பலர் செய்கிற தவறு.

பக்கத்திலேயே இருக்கும் சிலவற்றைச் சொல்கிறோம். மாவட்டந்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. அதில் சமூகப் பணியாளர், ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்) பணிகளுக்குச் சமூகவியல் பட்டம் செல்லும். தொகுப்பூதியம் மாதம் 18,536 ரூபாய் என்று அறிவிக்கைகளில் பார்க்கலாம். அதற்கு மேல்படி பாதுகாப்பு அலுவலர், 27,804 ரூபாய். அதற்கு முதுகலை கேட்பார்கள், அல்லது பட்டத்தோடு அனுபவம் கேட்பார்கள். எல்லாமே ஒப்பந்தப் பணி, நிரந்தரம் ஆகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாவட்ட இணையதளத்தில் ஆள்சேர்ப்புப் பகுதியில் சின்னதாக வரும். விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாள்கள் குறைவு, அதனால் வாரம் ஒருமுறை பார்க்கிற பழக்கம் வேண்டும்.

ஸ்டான்லி மாதிரியான அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையங்களில் ஆற்றுப்படுத்துநர் பணிக்கும் உளவியல், சமூகப்பணியோடு சமூகவியலும் ஏற்கப்படுகிறது. அப்புறம் 181 உதவி எண்ணோடு இயங்கும் பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், புழல் சிறையோடு தொடர்புள்ள நன்னடத்தை அலுவலர் பதவி (இது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வு வழியாக), தனியாரில் சந்தை ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்களில் திட்டக் கண்காணிப்பு. செயலி தயாரிக்கும் கம்பெனிகள்கூடப் பயன்பாட்டு ஆய்வு என்று ஒரு வேலை வைத்திருக்கின்றன. ஒரு ஆள் அந்தச் செயலியை எங்கே திணறிப்போய் மூடிவிடுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதுவதுதான் அது.

பள்ளி ஆசிரியை ஆகவேண்டும் என்பது மகளின் ஆசையானால் மட்டும் நன்றாக யோசியுங்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலையில் வரலாறு, பொருளியலுக்கு இருக்கிற இடம் சமூகவியலுக்குக் கிடையாது. அந்தக் கனவுக்கு இது சுற்றுவழி.

சமூகவியல் என்றால் சமூக சேவைதானே?
– கல்லூரி மாணவர், மூலக்கடை

இல்லை. குடிசைக்குத் தீப்பிடித்தால் அரிசி, பாய் கொண்டுபோய்க் கொடுப்பது சேவை. வீடு எரிந்தவர்களுக்கு எந்த உதவி சேரவேண்டும், எப்படிச் சேரும் என்று முறையாகப் பயின்று செய்வது சமூகப்பணி. தீ ஏன் திரும்பத் திரும்ப அந்தத் தெருவிலேயே பிடிக்கிறது, அங்கே குடியிருப்பவர்கள் யார், ஏன் வேறெங்கும் போகமுடியவில்லை என்று கேட்பது சமூகவியல்.

இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களைப் பற்றி புராஜெக்ட். நூறு கேள்வி தயார் செய்துவிட்டேன். நூறு பேரைக் கேட்டால் போதும் என்கிறார் வழிகாட்டி ஆசிரியர். போதுமா? வேறு என்ன கவனிக்கவேண்டும்?
– மாணவி, வியாசர்பாடி

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசை. வேலை வாங்கித் தரப்போவது இந்த புராஜெக்ட்தான், மதிப்பெண் பட்டியல் அதற்கு அடுத்துத்தான் வரும்.

முதலில் நூறு பேர் கணக்கு. ஆசிரியர் சொன்னது குருட்டாம்போக்கு எண் அல்ல. சரியான குலுக்கல் முறையில் 96 பேரை எடுத்தால், 95 சதவீத நம்பகத்தில் (இதே ஆய்வை நூறு தடவை செய்தால் 95 தடவை), கிடைக்கும் விழுக்காடு மேலே கீழே 10 புள்ளி தவறலாம். 5 புள்ளிக்குள் வரவேண்டுமானால் 384 பேர் தேவை. மொத்தமே 900 பேர்தான் விற்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் 384 வேண்டாம், 269 போதும். உங்களுக்கு நூறே போதும். ஆனால் ‘41 சதவீதத்தினர் குழுக்கடன் வாங்கியிருக்கிறார்கள்’ என்று எழுதும்போது அது 31 ஆகவும் இருக்கலாம், 51 ஆகவும் இருக்கலாம் என்பதை அதே பக்கத்தில் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் நேர்காணலில் யாராவது ஒருவர் அங்கேதான் பிடிப்பார்.

இந்தக் கணக்கெல்லாம் குலுக்கல் முறைக்கு மட்டும். டீக்கடை ஓரம் நின்று போகிற வருகிற நூறு பேரைக் கேட்டால் இந்தச் சூத்திரம் எதுவும் பொருந்தாது. கடை வரிசையை ஒரு தாளில் வரைந்து எண் போடுங்கள். 400 இடம் இருந்து 80 பேர் வேண்டுமென்றால் ஐந்துக்கு ஒன்று. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு சீட்டு எடுங்கள். மூன்று வந்தால் 3, 8, 13 என்று போங்கள். ஆள் இல்லையென்றால் பக்கத்துக் கடையில் கேட்டு முடித்துவிடத்தான் கை துடிக்கும். செய்யாதீர்கள். வேறு வேறு நேரத்தில் இரண்டு தடவையாவது திரும்பிப் போகவேண்டும். இடத்தில் இல்லாதவர் பெரும்பாலும் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்கப் போனவராக இருப்பார். அவரை விட்டால் உட்கார்ந்து விற்பவர்களின் கதை மட்டும் மிஞ்சும். வீடுகளில் ஆய்வு செய்தாலும் இதே சங்கதிதான்: பகல் 11 மணிக்குப் பூட்டியிருக்கும் வீடு, புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிற வீடு.

நேரம். விடியற்காலை ஏலம் நடக்கும்போது கேள்வித்தாளோடு நின்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள், பார்த்தால் திட்டுத்தான் விழும். மாதமும் முக்கியம். நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. மே மாதம் போய் ‘போன மாத வருமானம் எவ்வளவு?’ என்று கேட்டுவிட்டு அதைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டு வருமானம் போட்ட ஆய்வேடுகள் உண்டு. நீங்கள் தடைக்கால நாள், சாதா நாள், ஞாயிற்றுக்கிழமை என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்.

நூறு கேள்வியை முப்பதாக வெட்டுங்கள். இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் போனால் கடைசிக் கேள்விகளுக்கெல்லாம் ‘ஆமா, ஆமா’ என்றே வரும். ‘தங்கள் பகுதியில் குடிநீர் மற்றும் கழிப்பிட வசதி திருப்திகரமாக உள்ளதா?’ என்பது ஒரே மூச்சில் இரண்டு கேள்வி. ‘திருப்தி’ என்பது ஆளுக்கு ஆள் மாறும். ‘நேத்து குடிக்கத் தண்ணி எங்கேருந்து புடிச்சீங்க? எத்தனை குடம்? எவ்ளோ நேரம் நின்னீங்க?’ என்று கேட்டால் எண் கிடைக்கும். வீட்டில் எத்தனை பேர் என்றால் ரேஷன் கார்டில் இருப்பதைச் சொல்வார்கள். நேற்று ராத்திரி வீட்டில் சாப்பிட்டுப் படுத்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். வருமானத்தை நேராகக் கேட்டால் மழுப்புவார்கள். வாரத்தவணை எவ்வளவு கட்டுகிறீர்கள், ஐஸுக்கு எவ்வளவு, ஆட்டோவுக்கு எவ்வளவு என்று செலவு வழியாகப் போனால் வருமானம் தானாக வெளியே வரும்.

பட்டியலில் இல்லாத எட்டு, பத்து பேரிடம் முதலில் கேட்டுப் பாருங்கள். எந்தக் கேள்விக்கு “என்னம்மா கேக்குற?” என்று திருப்பிக் கேட்கிறார்களோ அதைத் தூக்கிவிடுங்கள். பேச்சைப் பதிவு செய்தால் சம்மதம் வாங்கிய பிறகு. ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். அதைக் கணக்கில் வைக்காமல் இருபது பேரைப் பதிவு செய்துவிட்டுக் கடைசி வாரம் முழிக்காதீர்கள். எழுதும்போது அவர்கள் பேச்சைத் திருத்தவே கூடாது. ‘வட்டிக்காரன் வாசல்ல வந்து நிக்கிறான், மானம் போவுது’ என்று சொன்னவரை ‘பொருளாதார நெருக்கடிக்கு ஆளாகியுள்ளதாகத் தெரிவித்தார்’ என்று மாற்றினால் மானம் காணாமல் போய்விடும். உங்கள் ஆய்வுக்கு அந்தச் சொல்தான் பொருள்.

எக்செலில் ஒருவருக்கு ஒரு வரிசை, ஒரு கேள்விக்கு ஒரு நெடுவரிசை. பதில் சொல்லாதவருக்கு 99 போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அந்த 99 அப்படியே வயதிலோ தினக்கூலியிலோ கலந்து சராசரியைக் கெடுத்துவிடும். காலியாக விடுவதே பாதுகாப்பு.

எல்லாம் முடிந்ததும் அறுபது பக்க ஆய்வேட்டை மூன்று பக்கமாகச் சுருக்கி ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். என்ன கேள்வி, எப்படி ஆளைத் தேர்ந்தெடுத்தீர்கள், ஒரே ஒரு அட்டவணை, இரண்டு பேரின் நேர்ப் பேச்சு, எது சொதப்பியது. சொதப்பியதை எழுதியவரை ஆய்வு நிறுவனங்கள் விடாது, ஏனென்றால் நிஜமாகக் களத்துக்குப் போனவருக்குத்தான் அது தெரியும்.

பி.ஏ. சமூகவியல் முடித்துவிட்டேன். அடுத்து எம்.ஏ.வா, எம்.எஸ்.டபிள்யூ.வா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

உடனே சம்பளம் வேண்டுமென்றால் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை. களப்பயிற்சி பாடத்திலேயே இருக்கிறது. மருத்துவமனை, தொழிற்சாலை வேலைகளில் அந்தப் பட்டத்தைப் பெயர் சொல்லியே கேட்கிறார்கள். 1952-இல் தொடங்கிய எழும்பூர் சமூகப்பணிக் கல்லூரி, லயோலா, ஸ்டெல்லா மேரிஸ், தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றில் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க இக்னோவில் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.ஏ. சமூகவியலும் உண்டு, எம்.எஸ்.டபிள்யூ.வும் உண்டு. ஆனால் தொலைதூர எம்.எஸ்.டபிள்யூ.வில் களப்பணியைத் தள்ளிப்போட்டுப் பட்டம் முடியாமல் நிற்பது சகஜம். அதற்கு நேரம் ஒதுக்க முடியுமா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

கல்லூரி ஆசிரியர், ஆராய்ச்சி என்றால் எம்.ஏ. முதுகலையில் 55 சதவீதம் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50) இருந்தால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதலாம். முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100, கேள்விக்கு இரண்டு மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, எதையும் விடாமல் குறியுங்கள். நம் மாணவர்கள் தோற்பது பெரும்பாலும் முதல் தாளில். அதில் வரும் கணக்கையும் தரவுப் பட்டியலையும் ‘நமக்கு எதற்கு’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

அப்பா மணலியில் தொழிற்சாலை ஒப்பந்தத் தொழிலாளி. சமூகவியல் படித்துவிட்டு அதே மாதிரி கம்பெனியில் நல அலுவலர் ஆகமுடியுமா?
– வாசகர், திருவொற்றியூர்

ஆகலாம், ஆனால் பி.ஏ. மட்டும் போதாது. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆவது பிரிவு, 500 தொழிலாளர்களும் அதற்கு மேலும் உள்ள தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்கவேண்டும் என்றது. 2020-இல் வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை 250 ஆக்கியது. எண் பாதியாகக் குறைந்ததால் இந்தப் பதவி தேவைப்படும் ஆலைகள் கூடும். தகுதிக்கு, பட்டத்தோடு தொழிலாளர் நலம் சார்ந்த ஒரு படிப்பு வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ.வில் மனிதவளப் பிரிவு எடுக்கலாம், அல்லது அரசின் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் நடத்தும் தொழிலாளர் நிர்வாகப் பட்டயம், எம்.ஏ. தொழிலாளர் மேலாண்மை மாதிரி ஒன்று. எதில் சேர்வதானாலும் அது மாநில விதிகளில் ஏற்கப்பட்ட படிப்பா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். ‘மனிதவள டிப்ளமோ’ என்று தெருவுக்குத் தெரு விற்பவை எல்லாம் இந்தப் பதவிக்குச் செல்லாது.

உங்கள் ஊர்க்காரருக்கு இதில் ஒரு பலம். 1918 ஏப்ரலில் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்றார்கள். ஷிப்டு, ஓவர்டைம், கான்டிராக்டர் பிடித்தம் என்பதெல்லாம் வீட்டுச் சாப்பாட்டு நேரப் பேச்சாகவே உங்களுக்குத் தெரியும். நேர்காணலில் அதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

எங்க பக்கம் அடிக்கடி டேப்பைத் தூக்கிக்கிட்டு ‘சோஷியல் சர்வே’னு வர்றாங்க. அது என்ன வேலை, நம்ம பசங்களுக்குக் கிடைக்குமா?
– வாசகர், எண்ணூர்

அது சமூகத் தாக்க மதிப்பீடாக இருக்கலாம். ஒரு திட்டம் வந்தால் யார் வீட்டை, யார் பிழைப்பை இழக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுப்பது. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. ஆறு மாதத்தில் முடிக்கவேண்டும், பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடத்தவேண்டும். அறிக்கையைச் சோதிக்கும் வல்லுநர் குழுவில் அரசு சாராத இரண்டு சமூக அறிவியலாளர்கள் இருந்தாக வேண்டும். சமூகவியல்காரருக்குச் சட்டமே நாற்காலி போட்ட இடம் இது.

ஆனால் தமிழ்நாட்டில் நெடுஞ்சாலை, தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்க மாநிலத்துக்கென்று தனிச் சட்டங்கள் உண்டு, அவற்றில் இந்த மதிப்பீட்டுக்குக் கட்டாயம் கிடையாது. ஆகவே வேலை அதிகம் வருவது வெளிநாட்டு வங்கிக் கடன் வாங்கும் திட்டங்களில். 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்ட மெட்ரோ (மாதவரம், மூலக்கடை, பெரம்பூர் வழியாக வருகிறதே அது), ஆசிய வளர்ச்சி வங்கி கடன் கொடுத்த கொசஸ்தலையாறு வடிநில மழைநீர் வடிகால் திட்டம் மாதிரி. கடன் கொடுப்பவர் விதிப்படி சமூகப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவரை வைத்தாக வேண்டும். அந்த நாற்காலிக்கு முதுகலையும் சில வருட அனுபவமும் கேட்பார்கள். கீழே கணக்கெடுப்பாளர், மேற்பார்வையாளர் பணிகளுக்குப் பி.ஏ. போதும், உள்ளூர் ஆளென்றால் இன்னும் நல்லது.

உள்ளூர் ஆள் ஏன் தேவை? எண்ணூர்க் கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கிறவருக்குப் பட்டாவும் இல்லை, படகும் இல்லை. வெளியூரிலிருந்து வருபவர் வீட்டு எண் வரிசையாகப் போனால் அவர் ‘பாதிக்கப்படாதவர்’ ஆகிவிடுவார். 2013 சட்டமோ, நிலம் சொந்தமில்லாவிட்டாலும் மூன்று வருடம் அங்கே பிழைத்தவரையும், நீர்நிலையை நம்பி வாழும் மீனவரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றே சொல்கிறது. வாடகைக்கு இருப்பவர், ஒரே வாசலுக்குள் தனி அடுப்பு வைத்த இரண்டாவது குடும்பம், பிழைப்புக்கு வெளியூர் போயிருக்கிறவர் என்று விட்டுப்போகிறவர்களின் பட்டியல் நீளம். கணக்கெடுப்புக்கு ஒரு கடைசி நாள் குறிப்பார்கள், அதற்குள் பெயர் ஏறாதவர் பின்னால் நிரூபிக்க அலையவேண்டும். உங்கள் வீட்டுக்கே வந்தாலும் எந்தத் திட்டம், கடைசி நாள் எது என்று கேட்டு, படிவத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ.ஏ.எஸ். தேர்வுக்குச் சமூகவியலை விருப்பப் பாடமாகத் தமிழில் எழுதலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

எழுதலாம். இரண்டு தாள், 250 வீதம் 500. முதன்மைத் தேர்வின் 1,750-இல் இது பெரிய பங்கு. முதல் தாள் அடிப்படைக் கோட்பாடுகள், இரண்டாவது இந்தியச் சமூகம். நல்ல நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் படிப்பது ஒரு மொழி, எழுதுவது ஒரு மொழி என்றாகிவிடும். கலைச்சொல் பட்டியல் ஒன்றை முதல் மாதத்திலேயே நீங்களே தயாரியுங்கள். சமூகவியல் அறிஞர் வெபரின் ஒரே கருத்துக்கு மூன்று இடத்தில் மூன்று தமிழ்ச்சொல் போட்டால் திருத்துபவர் குழம்புவார். கலைச்சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலச் சொல்லையும் தர, தேர்வு நடத்தும் ஆணையமே அனுமதிக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

டி.என்.பி.எஸ்.சி.யை மறக்காதீர்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டத்தை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளியிலிருந்தே படித்திருக்கவேண்டும். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்றிதழ் வாங்க அலையவேண்டியிருக்கும், அறிவிக்கை வருவதற்கு முன்பே வாங்கி வையுங்கள். மூடப்பட்ட பள்ளி என்றால் கல்வி அலுவலகத்துக்குப் போகவேண்டும், நாள் பிடிக்கும்.

‘மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலை, முன்பணம் 2,000 ரூபாய்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தது. சமூகவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமையாம். கட்டலாமா?
– பட்டதாரி, ராயபுரம்

கட்டாதீர்கள். 2027 கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போவது பெரும்பாலும் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும். அதற்கு முன்பணம் என்று ஒன்று கிடையாது.

தனியார் ஆய்வு வேலை வந்தால் சேருவதற்கு முன் நான்கு விஷயம் கேளுங்கள். சம்பளம் நாளுக்கா, முடித்த படிவத்துக்கா? நிராகரித்த படிவத்துக்குப் பணம் உண்டா? பூட்டிய வீட்டுக்கு மறுபடி போகும் பஸ் செலவு யாருடையது? பயிற்சி நாளுக்குக் கூலி உண்டா? படிவத்துக்கு இவ்வளவு என்று பேசினால், ஒன்றை முடிக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று முதல் நாள் நீங்களே கடிகாரம் வைத்துப் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்து நிரப்பிவிடலாம் என்று சொல்கிற கூட்டாளி கட்டாயம் ஒருவர் வாய்ப்பார். இப்போது டேப்லெட் இடத்தையும் நேரத்தையும் பதிகிறது, சில இடங்களில் நடுநடுவே குரலையும். நாற்பது கேள்விப் படிவம் நாலு நிமிடத்தில் முடிந்திருந்தால் மேற்பார்வையாளர் அந்த வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்பார். மாட்டினால் அன்றைய படிவம் அத்தனையும் தள்ளுபடி.